கடைசிப் பதினொரு தாள்கள்

நான் வசிக்கும் இங்கிலாந்து ஊரில், வாசித்து முடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து வீட்டு மதிலில் வைத்துவிடுகிறார்கள். வேண்டியவர் எடுத்துப்போகலாம். மழை வந்தால் நனையும். அதைப் பற்றி இங்கே யாருக்கும் கவலையில்லை. முப்பது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஒரு தாளும் குறையாத முழுக் கதை, அதன் முடிவோடு சேர்த்து, குப்பை வாளிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஒரு கதையின் முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தவளுக்கு அது அநியாயமாகத்தான் தெரியும்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு மார்கரெட்டின் மதிலில் அப்படி ஒரு புத்தகம் கிடந்தது. அட்டையில் நீலக் கவுன் போட்ட பெண், தூரத்தில் ஒரு பாய்க்கப்பல். கை நீட்டும் முன்பே அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தக் கதையைத் திருகோணமலையில் என் இருபத்திரண்டு வயதில் வாசித்திருக்கிறேன். கடைசிப் பதினொரு தாள்களை மட்டும் வாசிக்கவில்லை.

இங்கே அவற்றை ரீஜென்சி நாவல் என்பார்கள். இருநூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்து, பிரபுக்கள், நடன விருந்துகள், குதிரை வண்டிகள், கலியாண வயதில் நாலு பெண்கள், சீதனத்துக்கு வழியில்லாத ஒரு தகப்பன். எங்கள் தட்டெழுத்து வகுப்பு மிஸ்ஸின் கணவர் துறைமுகத்தில் வேலை செய்தார். கப்பல்காரர் விட்டுப்போகும் புத்தகங்கள் அவர் வழியாக எங்களிடம் வந்தன. வாசிக்க நாங்கள் ஆறு பேர், புத்தகம் ஒன்று. மிஸ் சவர பிளேட்டால் அதை மூன்றாக வகுந்து, ஒவ்வொரு பாகத்தையும் ஊசிநூலால் தைத்து, சொந்த அட்டை இல்லாத பாகங்களுக்குப் பழைய கலண்டர் தாளில் அட்டை போட்டுத் தருவா. முதல் பாகத்தை முடித்தவள் அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும். முன்னால் வாசித்தவள் கதையை வெளியில் விடக் கூடாது என்பது சட்டம்.

அந்த வாசிப்பின் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தாலும் அந்த உலகம் எங்களுக்கு அந்நியமாக இருக்கவில்லை. ஒரு பெண் ஓர் ஆணோடு தோட்டத்தில் பத்து நிமிடம் தனியாக நின்றால் அவள் பெயர் கெட்டுவிடும் என்று கதையில் வரும். மார்கரெட்டுக்கு அது சிரிப்பு. எங்களுக்கு அது வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் வழி. பிரபுவின் மாளிகையைச் சுற்றி மான்கள் மேய்ந்தால் அவர் பெரிய பணக்காரர் என்று அர்த்தமாம். எங்கள் ஊரிலும் மான்கள் மேய்ந்தன, பஸ் நிலையத்தில் எறிந்த சோற்றுப் பார்சல்களை. அந்தக் கணக்கில் நாங்களும் பிரபுக்கள்தான் என்று பவானி சொல்வாள்.

பவானி என் சிநேகிதி. வகுப்பில் எனக்கு முன்னால் அவளுக்குத்தான் பாகம் கிடைக்கும். அந்தக் காலத்தில் மூன்றாம் பாகங்கள் அடிக்கடி தொலைந்துபோகும். பஸ்ஸில் விடுபட்டவை உண்டு, சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய பிள்ளைகளோடு போனவை உண்டு. நான் வாசித்த பத்துப் பன்னிரண்டு கதைகளில் முடிவைக் கண்ணால் கண்டது மூன்றோ நாலோதான். அவை நல்லபடியாக முடிந்தன, அதைத் தற்செயல் என்று நினைத்தேன். மற்றவற்றுக்கு பவானி முடிவு கட்டிச் சொல்வாள். அவளுடைய முடிவுகளில் பாதிப் பெண்கள் கன்னியாஸ்திரிகள் ஆனார்கள்.

நான் அப்போது மூதூரில் ஒரு சங்கத்தில் கிளாக் வேலை பார்த்தேன். தினமும் காலையில் லாஞ்ச் என்ற மோட்டார்ப் படகில் குடாவைக் கடந்து போவேன். ஒரு மணித்தியாலப் பயணம், மடியில் ஒரு பாகம் இருக்கும். லாஞ்சில் டிக்கெட் கிழிப்பவர் தேவன், மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சான் ஊர் ஆள். என்ன வாசிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டார். சொன்னேன். அடுத்த நாள் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டார். அப்படியே எலனோரின் கதை லாஞ்சில் தொடர்கதையானது. எலனோர்தான் நீலக் கவுன் பெண். பெரிய வீடும் மான்களும் வைத்திருக்கும் ஒரு பிரபு, லோட் என்பார்கள், அவளைப் பெண் கேட்கிறார். அவள் மனம் கடற்படை லெப்டினன்ட் ஒருவனிடம். அவனுக்குத் தூரக் கிழக்கில் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு மாற்றம் வந்துவிட்டது. எந்தத் துறைமுகம் என்று இரண்டாம் பாகத்தில் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்கும் லண்டனில் இருந்து சம்பந்தம் வந்தது. தேவனிடம் சொன்னேன். அவர் அன்று நேரே ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் அங்கே இல்லை.

"எலனோர் முடிவெடுத்திட்டாவோ?" என்றார்.

"இன்னும் மூண்டாம் பாகம் கைக்கு வரேல்லை."

"வந்தவுடனை சொல்லுங்கோ. அவ என்ன சொல்லுறாவோ, அதைத்தான் நான் உங்கட மறுமொழியா எடுப்பன்."

எனக்கு அவர் மேல் விருப்பம் இருந்தது, துணிவுதான் இல்லை. அதை எலனோரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பினேன். இந்தக் கதையெல்லாம் பவானிக்குத் தெரியும். அவளிடம் நான் எதையும் மறைத்ததில்லை.

மூன்றாம் பாகம் அவளிடமிருந்து வந்தபோது கடைசித் தாள்கள் இல்லை. தையலுக்குப் பக்கத்தில் பிசிறு மட்டும் இருந்தது.

"என்னட்டை வரேக்கையே அப்பிடித்தான்," என்றாள் பவானி. "மிஸ்ஸிட்டைக் கேட்டு முடிவை அறிஞ்சனான். அவள் லோட்டைத்தான் கட்டினவள். லெப்டினன்ட் கப்பலிலை போயிட்டான்."

"அழுதவளோ?"

"இல்லை. கரையிலை நிண்டு கையுறையை மட்டும் கழட்டினவள். அவ்வளவுதான்."

திங்கட்கிழமை லாஞ்சில் அதை அப்படியே தேவனிடம் சொன்னேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார். "விளங்குது," என்றார். அடுத்த கிழமையில் இருந்து அவர் வேறு லாஞ்சில் வேலைக்குப் போனார். மூன்று மாதத்தில் நான் விமானம் ஏறினேன். அழவில்லை. கையுறை இல்லாதபடியால் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

ஒரு புத்தகத்தைக் கேட்டு வாழ்க்கையை முடிவு செய்தவள் மடைச்சி என்பீர்கள். ஓம், மடைச்சிதான். என் கணவர் நல்ல மனிதர். இந்தக் கட்டுரையை அவர் வாசிப்பார், வாசிக்கட்டும். என் ஆத்திரம் அவர் மீது இல்லை.

இனி மார்கரெட்டின் மதிலுக்கு வருகிறேன். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றதைக் கண்டு அவள் வெளியே வந்தாள். பெரிதாக எதிர்பார்க்காதே, கடைசியில் அவள் தன் மாலுமியோடுதான் போவாள், இந்த வகைக் கதைகள் எல்லாமே அப்படித்தான் முடியும், குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று சிரித்தாள். எல்லாமேயா என்று கேட்டேன். எல்லாமே, என்றாள், விதிவிலக்கே கிடையாதாம். என் கண் நிறைந்துவிட்டது. அவள் அதைப் பூந்தூளால் வரும் ஹே ஃபீவர் என்று நினைத்து, உள்ளே ஓடிப்போய் ஒரு மாத்திரை கொண்டுவந்து தந்தாள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். கதை எப்படி முடியும் என்று இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முடிவில்லாத பாகங்களை வாசித்து வளர்ந்த எங்களுக்குத்தான் தெரியவில்லை.

குசினியில் நின்றபடியே அந்தப் பதினொரு தாள்களையும் வாசித்தேன். எலனோர் லோட்டுக்கு மாட்டேன் என்று சொல்கிறாள். லெப்டினன்டைக் கட்டிக்கொண்டு அவனோடு கப்பல் ஏறுகிறாள். மாதக்கணக்கில் கடல். கடைசித் தாளில் கப்பல் ஒரு துறைமுகத்துக்குள் நுழைகிறது. அதன் பெயர் திருகோணமலை. கடலிலேயே கறுவாப்பட்டை மணந்ததாம். எங்கள் கடற்கரையில் எனக்குத் தெரிந்து கருவாடுதான் மணக்கும். ஆனால் குடாவைச் சுற்றியிருக்கும் மலைகளையும் காலை வெயிலில் தண்ணீர் கிடக்கும் நிறத்தையும் எழுதியவர் சரியாகவே எழுதியிருந்தார். நான் லாஞ்சில் இருந்து தினமும் பார்த்த தண்ணீர் அது.

இந்த வருடம் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். சொந்தக்காரருக்கு விடுமுறை என்று சொன்னேன். பவானி உட்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறாள். படிப்பித்து ஓய்வு பெற்றுவிட்டாள், கலியாணம் செய்யவில்லை. பிளேன்டீ ஊற்றித் தந்தாள். மேசையில் புத்தகத்தை வைத்தேன். அட்டையைப் பார்த்தாள். எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து, கலண்டர் தாளில் சுற்றிய பதினொரு தாள்களைக் கொண்டுவந்து புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீதான் கிழிச்சனியோ?"

"ஓம்."

"ஏன்?"

"உன்ர அம்மா வந்து என்னட்டை அழுதவ. நீ லாஞ்சுப் பொடியனோடை கதைக்கிறாய் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். சண்டைக்குள்ளை இஞ்சை கிடந்து நீ என்ன செய்வாய் எண்டு கேட்டவ. நான் சொன்னா நீ கேக்கமாட்டாய். புத்தகம் சொன்னாத்தான் கேப்பாய்."

"கையுறையைக் கழட்டினது?"

"அது நான் கட்டினது."

அந்தக் கதை முழுவதிலும் எனக்கு ஆகப் பிடித்த இடம் அதுதான். முப்பது வருடமாக என் பெருமை அது. அதுவும் பொய். அம்மா இறந்து ஏழு வருடமாகிறது, அவவோடு இனிச் சண்டை பிடிக்கவும் ஏலாது. தேவனைப் பற்றிக் கேட்டேன். கட்டைபறிச்சானில் வயல் செய்கிறாராம், மூன்று பிள்ளைகளாம். "ஆள் நல்லா வயிறு வச்சிட்டார்," என்றாள் பவானி. அவர் நன்றாக இருப்பதும் எனக்குச் சுட்டது.

"நீ என்னை ஏமாத்திப்போட்டாய் பவானி."

"ஏமாத்தினனான்தான்," என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. "உனக்கு லண்டன் கிடைச்சது. எனக்கு இந்தப் பதினொரு தாளும் கிடைச்சது. இவ்வளவு காலமும் வாசிக்கிறன். இந்த ஊரை விட்டு எல்லாரும் போச்சினம். வந்தது எலனோர் ஒருத்திதான்."

அதைக் கேட்டு நான் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. அவள் எனக்கு நல்லதைத்தான் நினைத்தாள், அம்மாவும் அப்படித்தான். ஆனால் மாட்டேன் என்று சொல்ல நினைத்த ஒரு பெண்ணின் வாயைப் பொத்திவிட்டு, அவள் சம்மதித்தாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். என்னையும் நம்பவைத்தார்கள். முழுப் புத்தகத்தைப் பவானியிடம் விட்டுவிட்டு வரும் பெரிய மனது எனக்கு இல்லை. புத்தகத்தையும் எடுத்தேன், பதினொரு தாள்களையும் எடுத்தேன். வெளியே வேலியோரமாக ஒரு மான் ஏதோ பொலித்தீன் பையை மென்றுகொண்டு நின்றது.

"கொண்டு போ," என்றாள் பவானி வாசலில் நின்று. "எனக்கு ஒவ்வொரு வரியும் பாடம்."

திரும்பி வந்த அன்று இங்கே மழை. மார்கரெட் மதிலுக்கு மேலால் எட்டி, வீட்டுக்குப் போய்வந்தது எப்படி என்று கேட்டாள். எந்த வீட்டைக் கேட்கிறாள் என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. நல்லது என்றேன். இப்போது அந்த முடிவு என் மேசையில் இரண்டு பிரதிகளாகக் கிடக்கிறது, ஒன்று புத்தகத்துக்குள், மற்றது கலண்டர் தாளில். இரண்டிலும் எலனோர் கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்தவர் ஒருவரும் இல்லாத கரையைப் பார்க்கிறாள். அவளை வா என்று கூப்பிட அந்தக் கரையில் நான் நின்றிருக்க வேண்டும். அவள் என் ஊரில் இறங்கிவிட்டாள். நான் அவள் விட்டுப்போன நாட்டின் மழையில் நனைந்த என் பயணப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.