அது மருந்தில்லை, நோவுக் குளிசை

இரண்டு வருடத்துக்கு முன், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, மூதூரில் எங்கள் வீட்டில் தொடங்கியது இது. என் கணவர் மொசாம்பிக்கில் கப்பல் திருத்தும் இடமொன்றில் வெல்டிங் வேலை செய்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். வந்த கிழமையே காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தால் மலேரியா. நாட்டில் இல்லாமல் போன நோயை மனுசன் பெட்டியோடு கொண்டுவந்திருக்கிறார்.

வார்டில் மறித்துவைத்து மலேரியாவுக்குக் குளிசை கொடுத்தார்கள். டொக்டர் ஒழுங்காகத்தான் கேட்டார், "வேற மருந்து ஏதும் பாவிக்கிறீங்களா?"

"இல்ல டொக்டர்."

பக்கத்தில் நின்ற எனக்கும் அது பொய்யாகப் படவில்லை.

காய்ச்சல் இறங்கியது. ஆனால் சிறுநீர் குறைந்துகொண்டே போனது. வந்த கொஞ்சமும் தேயிலைச் சாயம் மாதிரி. முகம் ஊதிவிட்டது. சிறுநீரகம் பழுதாகிறது, இப்படியே போனால் மெஷினில் போட்டு இரத்தம் சுத்தப்படுத்த வேண்டிவரும் என்றார் டொக்டர். காய்ச்சல் விட்ட பிறகும் ஏன் மோசமாகிறது என்று அவருக்கே விளங்கவில்லை. எனக்கு நித்திரையும் இல்லை, அழவும் தெம்பில்லை.

சேலைன் மாற்ற வந்த தாதி, இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்புவதைப் பார்த்தார்.

"நோவு கூடவா? அதுக்கு என்ன செய்றனீங்கள்?"

"அதுக்குக் குளிசை இருக்கு பிள்ள." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

பெயரே எழுதாத கடதாசி உறை. பாமசியில் வாங்கியது. காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து போடுகிறாராம். மலேரியாக் குளிசையோடும் சேர்த்து.

"மருந்து பாவிக்கல்ல எண்டு டொக்டரிட்டச் சொன்னீங்களே?" என்றார் தாதி.

"அது மருந்தில்லயே. நோவுக் குளிசை."

"அப்ப இனிக்கிற டொபி எண்டு நினைச்சீங்களாக்கும்" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். நான் சிரிக்கவில்லை.

மலேரியாவே சிறுநீரகத்தைப் பிடிக்கும், காய்ச்சலில் உடம்பும் காய்ந்து கிடக்கும், அதற்கு மேல் இந்த வகை நோவுக் குளிசை போட்டால் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தமும் குறையும் என்று குளிசையைப் பார்த்த டொக்டர் விளங்கப்படுத்தினார். உறையைப் பறித்துக்கொண்டு போனார்கள். சிறுநீர் மெல்ல மெல்லக் கூடியது. மெஷின் வரை போகவில்லை.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. டொக்டர் எழுதின துண்டும் கேட்காமல், எங்கிருந்து வந்தாய் என்றும் கேட்காமல் அள்ளிக்கொடுத்த பாமசிக்காரனில் கோபம். வாயில் போடுகிற எதையும் மருந்தென்று நினைக்காத இந்த மனுசனில் கோபம். இன்றைக்கும் இரத்தம் சோதிக்க இவரைக் கூட்டிக்கொண்டு அலைகிறவள் நான்தான்.

காலையில் இவர் எழும்பினால் முதலில், "ஒண்டுக்குப் போனீங்களா?" என்று கேட்பேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஒரு மனுசனுக்கு ஒழுங்காகச் சிறுநீர் போவது எவ்வளவு பெரிய காரியம் என்று, கட்டிலுக்குக் கீழே வெறும் போத்தலைப் பார்த்துக் காத்திருந்தவளுக்குத்தான் தெரியும்.