தகரத்தில் காய்ந்த விதை

எங்கள் மாட்டுக் கொட்டகையின் மேல் நான்கு தகரங்கள் கிடக்கின்றன. துருவேறிவிட்டது, மாற்றிவிடலாம் என்று பிள்ளைகள் சொல்லும்போதெல்லாம் நான்தான் தடுக்கிறேன். அவற்றைப் பார்த்தால் ஒரு மனிதர் மேல் எனக்குள்ள கோபம் ஆறாமல் இருக்கிறது. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

அவர் என் பெரிய நாத்தனாரின் கணவர். முறைக்கு எனக்கு அண்ணன். ராயபுரத்தில் கப்பல் சரக்கு இறங்கும் கிடங்கில் மேஸ்திரி. கிடங்கில் கழித்த அந்தத் தகரங்களைக் கொண்டுவந்து போட்டவரும் அவர்தான். எங்கள் ஊர் சடையங்குப்பத்துக்கு வந்துவிட்டால் என் அடுப்பு முதல் மாட்டுத்தொட்டி வரை எல்லாவற்றிலும் அவர் வைத்ததே சட்டம். என் கணவர் அவர் எதிரில் வாயே திறக்க மாட்டார்.

பிள்ளைகள் சிறுசாக இருந்த காலம் அது. முந்தைய வருஷம் மழை பொய்த்து, வீட்டில் விதைக் கேழ்வரகு மட்டுமே மிஞ்சியிருந்தது. அதுவும் போனால் இரண்டு பிள்ளைகளுக்கும் கூழ் கிடையாது. என் பிறந்த வீட்டு வழக்கப்படி விதையைப் பகலெல்லாம் தண்ணீரில் ஊற வைத்து, வடித்து, பாயில் நிழலில் உலர்த்தினேன். இரண்டு நாளில் பழையபடி சலசலவென்று காய்ந்துவிடும். அப்படி ஒருமுறை தண்ணீர் குடித்துக் காய்ந்த விதை, முளைத்தபின் மழை தள்ளிப் போனாலும் சட்டென்று வாடாது.

நான் குளத்துக்குப் போயிருந்த நேரத்தில் மேஸ்திரி அதை அள்ளிக் கொட்டகைத் தகரத்தில், உச்சி வெயிலில் பரப்பிவிட்டார். ஓடிவந்து கை வைத்தேன், சுட்டது.

"இன்னா தங்கச்சி, பதறிக்கினு? கப்பல்ல நனைஞ்சி வர்ற மூட்டையெல்லாம் கெடங்குத் தகரத்துலதான் காய வெக்கிறோம். ஒரே மத்தியானம், வேலை முடிஞ்சிது!"

"அது திங்கிற தானியண்ணே. இது வெத. வெந்துடும்."

அவர் சிரித்தார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் மறக்கவில்லை.

விதைத்தோம். ஒன்றும் முளைக்காமல் கொல்லைக்காடு மொட்டையாகவே கிடந்தது. "உன் தண்ணிதான் வெதயக் கெட்த்துட்ச்சி" என்று ஊர் கேட்கச் சொன்னார் மேஸ்திரி. பாயின் ஓரத்தில் அவர் அள்ளாமல் விட்ட ஒரு கைப்பிடியை நான் தனியே வேலியோரம் விதைத்திருந்தேன். அது முளைத்து, மழையில்லாத அத்தனை நாளும் பச்சையாக நின்றது. அவரை அழைத்துக் காட்டினேன். பார்த்தார். வெற்றிலைச் சாற்றை அதன் மேலேயே துப்பிவிட்டு நடந்தார். அந்த வருஷம் என் பிள்ளைகள் அக்கம்பக்கத்தில் வாங்கிய கஞ்சியில் வளர்ந்தார்கள். அந்தக் கைப்பிடியில் விளைந்ததை ஒரு மணிகூடத் தின்னாமல் விதைக்கு வைத்தேன்.

போன மாதம் வந்தார். கிடங்கு வேலை போய்விட்டதாம், மாத்தூரில் துண்டு நிலம் பிடித்திருக்கிறாராம், விதை வேண்டுமாம். படியில் அளந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தயங்கி நின்றார்.

"ஊற வெச்சி எப்டி தங்கச்சி காய வெக்கணும்? மழ வேற இல்லாம கீது."

நான் கொட்டகைக் கூரையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாததா அண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.