அம்மா உயர்த்திப் பிடித்த சிலேட்

படத்தின் பின்புறத்தில் பென்சிலில் இப்படி எழுதியிருக்கிறது: "வெள்ளி, ஜூன் 14. ஆறாம் லயம், மூன்றாம் காம்பரா." ஆண்டு எழுதப்படவில்லை.

ஜூன் பதினான்கு வெள்ளிக்கிழமையில் விழுந்த ஆண்டுகளைத் தேடினேன். 1985, 1991, 1996, 2002. எண்பத்தைந்தில் நான் வீட்டில்தான் இருந்தேன். அப்படி ஒரு படம் யாரும் எடுக்கவில்லை. 2002இல் அம்மா உயிரோடு இல்லை. மிச்சம் இரண்டு ஆண்டுகள். முன்பெல்லாம் இப்படி ஒரு தேதி சிக்கிக்கொண்டால் எனக்குத் தூக்கம் வராது. இப்போது வந்துவிடுகிறது.

படத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும். றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் கதவுக்கு முன்னால் நிற்கிறார்கள். அப்பா இரவல் கோட்டு போட்டிருக்கிறார். அம்மா கல்யாணச் சேலை உடுத்தி, இரண்டு கையாலும் பள்ளிக்கூடத்துச் சிலேட் ஒன்றைப் பிடித்திருக்கிறாள். அதில் சாக்கட்டியால் லயத்தின் இலக்கம்.

உள்நாட்டுச் சண்டை நடந்தது வடக்கில். தமிழ்ப் பெயர் எங்களுக்கும் இருந்தது. அதனால் ஒருமுறை எங்கள் தோட்டத்தில் போலீஸார் வீட்டுக்கு வீடு படம் கேட்டார்கள். ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருந்த தமிழர் ஒருவரையே அதற்கு ஜீப்பில் கூட்டிவந்தார்களாம். சந்தேகத்தின் பேரில் எடுக்கும் படம் என்று தெரிந்தும், ஆட்கள் பெட்டியைத் திறந்து நல்ல சேலையை எடுத்தார்கள். அதற்குமுன் அவர்களை யாரும் படம் எடுத்ததில்லை. ஸ்டூடியோக்காரர் பிறகு யாரும் கேட்காமலே வீட்டுக்கு ஒரு பிரதி கொடுத்தனுப்பினார். அந்தச் சமயத்தில் நான் வெளியூர்த் தபால் கந்தோரில் வேலையில் இருந்தேன். அக்கா பூண்டுலோயாவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இரண்டு பேருமே பக்கத்தில் இல்லை.

அம்மாவுக்குக் கடைசிவரை அடையாள அட்டை கிடைக்கவில்லை. அவள் முகம் பதிந்த தாள் இது ஒன்றுதான்.

இந்த வருடம் அக்காவுக்கு லயத்தை விட்டுத் தனிவீடு கிடைத்தது. பால் காய்ச்சும் அன்றைக்கு அம்மா படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அம்மா அப்பாவுக்கு முன்னாலேயே பூவோடும் பொட்டோடும் போனவள். அப்படிப் போனவளின் படத்தில் கழுத்தில் தாலி தெரிய வேண்டும். சிலேட் சரியாக அந்த இடத்தை மறைத்திருந்தது.

ஹட்டன் ஸ்டூடியோவை இப்போது அந்த ஸ்டூடியோக்காரரின் மகன் பார்த்துக்கொள்கிறார். அக்காவும் நானும் போனபோது படத்தைக் கணினித் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்.

"சிலேட்டத் தூக்கிட்டு ஒரு தாலிய வச்சிடலாங்க அக்கா. கம்ப்யூட்டர்ல அம்பது தாலி இருக்கு. ஒத்த வடமா, ரெட்ட வடமா?"

"ரெட்ட வடமே போடுங்க தம்பி. உசிரோட இருக்கப்பதான் போடல."

நான் வேண்டாம் என்றேன். சிலேட்டை எடுத்துவிட்டால் இது வேறு படமாகிவிடும், அந்தக் காலத்துக்கு இருக்கிற சாட்சி போய்விடும் என்றேன்.

"சாட்சியாம்ல, சாட்சி! ஏன்டா, நான் என்ன கோர்ட்டுக்கா கொண்டுபோறேன்? சொவத்துல மாட்டப்போறேன். களவாணி மாதிரி நம்பரப் புடிச்சிக்கிட்டு எங்கம்மா நிக்கிறத வர்றவன் போறவன்லாம் பாக்கணுமா?"

ஸ்டூடியோக்காரரின் மகன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்று திரையை அணைத்தார்.

அடுத்த வாரம், தலவாக்கலையில் பஸ் மாறி, மழையில் மேடேறி, ஒரு கனத்த படப்புத்தகத்தைச் சுமந்துகொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டாம் உலகப்போர் நடந்தபோது, போர்முனைக்கு வெகுதூரத்தில் அமெரிக்க ஊர்களுக்குள் இருந்த மக்களை அவர்களுடைய அரசாங்கத்துக்காக எடுத்த படங்கள். எடுத்தவர்களில் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து போன யூதர்களின் பிள்ளைகள் என்கிறது முன்னுரை. கடலுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய சொந்தங்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த காலம். இவர்களோ தேவாலய வாசலையும், தொழிற்சாலைப் பெண்களையும், பழைய இரும்பு சேர்க்கிற பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள்.

அதில் ஒரு படத்தை அக்காவுக்குக் காட்டினேன். ஒரு பெண் வீட்டு வாசலில் நிற்கிறாள். கீழே, ஓர் அமெரிக்கக் குடும்பத் தலைவி என்று மட்டும் குறிப்பு. அவள் தோளுக்குப் பக்கத்தில் நிலைச்சட்டத்தில் சாய்வாக ஒரு சின்னக் கூடு. வேதவாக்கியம் எழுதிய சுருளை அதற்குள் வைத்து யூதர்கள் வாசலில் பதிப்பார்கள் என்று வேறொரு நூலில் படித்திருக்கிறேன். குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் படம் எடுத்தவர் அந்தப் பெண்ணைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லி அதை மறைக்கவும் இல்லை. அதனால்தான் அவள் யாரென்று இன்றைக்கு நமக்குத் தெரிகிறது என்றேன்.

அக்கா கால் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"இவங்களயும் போலீசு படம் கேட்டுச்சா?"

"இல்லக்கா. இவங்களும் இந்த நாட்டு ஆளுங்கதான்னு காட்ட எடுத்தது."

"யாருக்குக் காட்ட?"

"எல்லாருக்கும்தான். கவர்மெண்டு எடுக்கச் சொன்னது."

"அப்ப நம்ம படம் மாதிரிதான். கோட்டு மட்டும் இரவல் இல்ல."

சிரித்தோம். தேத்தண்ணி குடித்தோம். படத்தைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பையில் இன்னும் இரண்டு படங்கள் இருந்தன. அதே ஆறாம் லயத்தில் இருந்த இரண்டு வீட்டாரிடம் இரவல் வாங்கி வந்தவை. அதே கிழமை, அதே தேதி, அதே சிலேட். அவர்களுக்கும் ஆண்டு ஞாபகமில்லை. தேதியை ஒப்பிடத்தான் வாங்கினேன். பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது.

"பாருக்கா. மத்தவங்க ரெண்டு பேரும் சிலேட்ட இடுப்புக்கிட்டப் புடிச்சிருக்காங்க. அம்மா மட்டுந்தான் நெஞ்சுக்குத் தூக்கிப் புடிச்சிருக்கா."

அக்கா மூன்றையும் வரிசையாகப் பாயில் வைத்துப் பார்த்தாள். தைலம் பட்ட கையைச் சேலையில் துடைத்துவிட்டு அம்மா படத்தை மட்டும் எடுத்தாள்.

"ஏன்டா, இது மூத்தவ பொறந்த வருசமா?"

அவளுடைய மூத்த மகள் 1996 ஏப்ரலில் பிறந்தவள். பிரசவம் சிக்கலாகி அக்காவைக் கண்டிக்குக் கொண்டுபோனபோது, அம்மா தங்கத் தாலியை அடகு வைத்துவிட்டு வந்திருக்கிறாள். தீபாவளிக்குத்தான் மீட்டாளாம். அதுவரை மஞ்சள் கயிறும் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கும்தான் அவள் கழுத்தில். அக்கா சொல்லும்வரை எனக்கு இது தெரியாது. யாரும் எனக்கு எழுதவில்லை.

"தொண்ணூத்தாறா இருந்தா அப்படித்தான். தொண்ணூத்தொண்ணா இருந்தா தங்கம் கழுத்துலதான் இருந்திருக்கும்" என்றேன்.

"ரெண்டுல எது?"

"தெரியலக்கா."

"என்னத்தப் படிச்சியோ."

மழை விட்டிருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். அவள் படத்தைத் திருப்பித் தரும்போது சொன்னாள்.

"அந்தத் தம்பிகிட்டச் சொல்லிடு. வடமும் வேணாம் ஒண்ணும் வேணாம். அம்மா மறைச்சத நாம தொறக்க வேணாம். சிலேட்டு இருக்கட்டும்."

"நம்பரோடயா?"

"நம்பரோடதான். கேக்குறவன் கேக்கட்டும், சொல்லிக்கிறேன்."

பால் காய்ச்சிய அன்று படம் அப்படியே சுவரில் ஏறியது. கண்ணாடியின் மேல், அம்மாவின் நெற்றி இருக்கும் இடத்தில், அக்கா குங்குமம் வைத்தாள். மாலை தொங்கிச் சிலேட்டில் பாதியை மறைக்கிறது. மீதிப் பாதியில் இலக்கம் தெரிகிறது.

பழைய ஸ்டூடியோக்காரரையும் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு ஒரே நாளில் முழு லயத்தையும் எடுத்ததாகவும், முகங்கள் ஒன்றும் ஞாபகமில்லை என்றும் சொன்னார். சிலேட்டை எங்கே பிடிப்பது என்று யாருக்கும் அவர் சொல்லவில்லையாம். வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டியிருந்ததாம். எந்த வருடம் என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

என் பிரதியின் கீழே இப்படிக் குறித்து வைத்திருக்கிறேன்: அப்பா, அம்மா, ஆறாம் லயம், வெள்ளி, ஜூன் 14. ஆண்டு 1991 அல்லது 1996. எது என்று உறுதி செய்யப்படவில்லை.