கதவில் தொங்கிய வளையம்

எங்கள் மாடியில் நான்கு வீடுகள். இலையுதிர் காலம் வந்தால் மூன்று கதவுகளில் இலையும் காயும் வைத்துக் கட்டிய அலங்கார வளையம் தொங்கும். எங்கள் கதவு மொட்டை. பதினேழு வருடம் அப்படித்தான் இருந்தது, யாரும் செத்துப்போகவில்லை. அந்த வருடம் எதிர்வீட்டு ஜேர்மன்காரி படியில் வைத்து, உங்களுக்கு இலையுதிர் காலம் பிடிக்காதா என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் இவளுக்கென்ன? உள்ளே வந்து, நாங்களும் ஒன்று கட்டுவோம் என்று இவரிடம் சொன்னேன்.

இவருக்கு அந்தக் கோடையில் இதயத்தில் ஒப்பறேசன் நடந்திருந்தது. தினமும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். நடக்கிற நடையைக் காட்டுப் பக்கம் நடப்போம் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

வருகிற சனிக்கிழமை ஹம்பேர்க்கில் இருந்து இவருடைய அக்கா வருவதாக இருந்தது. மச்சாள் எங்கள் வீட்டுப் படி மிதித்து மூன்று வருடம். காரணம் நான்தான். அவருடைய மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்றைக்கு நடந்த விருந்தில், சோறு வேகவில்லை என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். வேகாத சோற்றை வேறெப்படிச் சொல்வது? ஒப்பறேசன் நேரத்திலும் ஆஸ்பத்திரிக்கு வந்து தம்பியைப் பார்த்துவிட்டு அப்படியே ரயிலேறிப் போனார். இப்போது தம்பி கெஞ்சியதால் வருகிறார். அக்கா வீட்டுக்குள் வந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். இவருக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான். அன்றைக்கு நான் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு.

நான் முதியோர் இல்லமொன்றில் துணி தோய்க்கிறவள். அங்கே கழித்துவிட்ட கம்பி ஹாங்கர் ஒன்றைக் கொண்டுவந்து வட்டமாக வளைத்தேன். அதன்மேல் காட்டில் அறுத்த பச்சைக் கொடியைச் சுற்றி, மெல்லிய கம்பியால் இறுக்கினேன். இலையை மட்டும் நம்பினால் இரண்டு நாளில் சுருண்டு கொட்டிவிடும். எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாலே தெரியும். அதனால் ஓக் காய், பைன் காய், சிவந்த காட்டு ரோசாக் காய் எல்லாம் செருகினேன்.

பொறுக்குகிறேன் என்று இவர் இரண்டு பை நிறையக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கொட்டினார். அதிலிருந்து ஒரு புழு நெளிந்து வந்தது. நன்றாக ஏசினேன். அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு காயாகத் துடைத்துத் தந்தார். ஒப்பறேசனுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் பின்னேரம் வரை அந்த மேசையை விட்டு எழும்பவில்லை.

கடைசியில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. சொக்கிலேட் பெட்டியில் வந்த ஊதா ரிப்பன் ஒன்று மேசை லாச்சிக்குள் கிடந்தது. அதைப் பெரிய முடிச்சாகக் கட்டி, இரண்டு நுனியையும் தொங்க விட்டேன். கதவில் ஆணி அடித்துக் கொழுவினேன். மற்ற மூன்றையும் விட என்னுடையது திறம்.

சனிக்கிழமை காலை இவர் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனார். நான் அடுப்பில் சோறு வைத்தேன். வெளியே ஒரு ஓலம். கதவைத் திறந்தால், மச்சாள் படியில் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார்.

“என்ரை தம்பி... எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையேடி, பாவி.”

அவர் கை நீட்டிய இடத்தில் என் வளையம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வளையமும் ஊதா ரிப்பனும் எங்கள் ஊரில் சவப்பெட்டிக்கு வைப்பது. ஜேர்மன்காரர் கதவுகளில் மச்சாளும் எத்தனையோ பார்த்திருப்பார். ஆனால் நெஞ்சைப் பிளந்து தைத்த தம்பியின் கதவில் பார்த்தால் வேறென்ன நினைப்பார்? நானோ நாள் முழுக்க இருந்து கட்டியும் அது மண்டையில் ஏறவில்லை.

இல்லை மச்சாள், இல்லை என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை, கதவைச் சாத்து என்றேன். அந்த நேரம் இவர் பாண் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார்.

“அக்கா, நான் இன்னும் போகேல்லை. பாண் வாங்கத்தான் போனனான்.”

மச்சாள் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு கைப்பையால் முதுகில் ஒன்று போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உயிரோடை இருக்கிற மனிசனுக்கு வளையம் கட்டி வைச்சிருக்கிறாய். கழட்டு அதை. இல்லாட்டி நான் உள்ளுக்கு வரமாட்டன்.”

நாள் முழுக்கக் கட்டியது. பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவர் பாண் பையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். கழற்றினேன்.

மச்சாள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கைத் துடைத்தார். ரிப்பனை அவிழ்த்து என் கையில் வைத்தார்.

“இந்தச் சனியன்தான் கூடாது. மிச்சம் வடிவாத்தானே கிடக்கு.”

அவரே திரும்ப ஆணியில் கொழுவிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார்.

இவ்வளவுக்கும் சோறு அடுப்பில் கிடந்தது. மூன்று பேரும் மேசையில் இருந்தோம். மச்சாள் ஒரு வாய் வைத்தார். மென்றார். என்னைப் பார்த்தார்.

“சோறு குழைஞ்சு போச்சு.”

இவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

குழைந்துதான் போயிருந்தது. “ஓம் மச்சாள், களி மாதிரிக் கிடக்கு. இன்னும் கொஞ்சம் போடட்டோ?” என்றேன்.

போடச் சொன்னார்.