பன்னிரண்டு பங்கும் ஓர் அறையும்

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று படித்ததுதான். கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாங்கள் குடியிருக்கும் பிளாட்ஸின் கீழ்த்தளத்திலேயே என் கடை. டியூசன் பிள்ளைகள் வகுப்புக் குறிப்புகளைக் கொண்டு வருவார்கள். மெஷின் ஓட ஓட நான் வாசிப்பேன். எனக்குத் தெரிந்த விஷயங்கள் பலதுக்குத் தொடக்கம் இருக்கும், முடிவு இருக்காது. மிச்சப் பக்கங்களை வேறு கடையில் அடித்திருப்பார்கள்.

மனிதர் விவசாயத்துக்கு வந்த கதையையும் அப்படித்தான் வாசித்தேன். அலைந்து திரிந்தவர்கள் விதை போட்டார்கள். போட்டதை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே தங்கினார்கள். விளைந்ததை வைக்கக் களஞ்சியம் வந்தது, களஞ்சியத்துக்குக் காவல் வந்தது, காவலுக்கு மேலே தலைவர் வந்தார், சட்டத்தை எழுத ஓர் ஆளும் வந்தார். ஆயிரக்கணக்கான வருடத்துக் கதை, குறிப்பில் இரண்டரைப் பக்கம். எங்கள் மொட்டை மாடியில் அது ஏழெட்டு மாதத்தில் நடந்து முடிந்தது. எழுதும் ஆள் நான்தான்.

எங்கள் வாச்சர் ஹட்டன் பக்கத்துக்காரர். அறுபது வயதிருக்கும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு ரேடியோ. தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த ஒற்றை அறைக் காம்பரா மகன் குடும்பத்துக்குப் போய்விட்டதால், அவருக்கு வீடு என்றால் அந்த அறைதான்.

பழைய பெயின்ற் வாளிகளில் மிளகாயும் கீரையும் வைத்திருந்தார். உடுப்புக் காயப்போடப் போகிறவர்கள் இறங்கும்போது, "வாச்சர், நாலு புடுங்கினனான்" என்பார்கள். "பறிச்சுக்கங்க, பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும்" என்பார் அவர். கயிற்றில் ஏறியிருந்த பாவலும், அதுதான் பாகற்கொடியும், அப்படித்தான். யாருடைய காய் என்று ஒருவரும் கேட்டதில்லை.

பிறகு அரசாங்கம் தடுத்து, நாட்டுக்குள் உரம் வராது என்றானது. மரக்கறி விலை ஏறியது. எல்லோரும் வீட்டில் பயிரிடுங்கள் என்று ரேடியோ சொன்னது. எங்கள் குடியிருப்பாளர் சங்கத் தலைவர், நாலாம் மாடிக்காரர், வெள்ளைச் சோக்கோடு மேலே ஏறினார். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு பங்கு. வாச்சரின் வாளிகள் தாங்கிக்குப் பின்னால் தள்ளப்பட்டன. பதின்மூன்று என்று யாரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை.

வாச்சரிடமே விதை வாங்கி எல்லோரும் பாவல் போட்டார்கள். சோக்குக் கோடு அழிய, காகத்துக்கு என்று வலை வந்தது. தலைவரின் பாவல் இரண்டாம் மாடி ரீச்சரின் வலைக்குள் போய்க் காய்த்தது.

"கொடி உங்கட. காய் என்ர பக்கம் தொங்குது, அது எனக்கு," என்றார் ரீச்சர்.

"வேர் எங்க நிக்குதோ அங்கதான் ரீச்சர் காய்."

"அஞ்சு மாடி ஏறி வந்தும் ஊர் வேலிச் சண்டைய விடேல்லை. சீமெந்தில வேலிக் கதியால் நட ஏலாது எண்டதுதான் உங்களுக்குக் கவலை!"

வடக்கில் பங்குக் கிணற்றுக்கு முறை வைப்பதுபோலத் தாங்கித் தண்ணீருக்கும் முறை வைத்தார்கள். சட்டங்களை நான் கடைக் கம்பியூட்டரில் அடித்து லிஃப்ட்டுக்குள் ஒட்டினேன். ஒருநாள் மூன்று காய்கள் காணாமல் போயின. அதோடு மாடிக் கதவுக்குப் பூட்டு. ஒரு திறப்பு தலைவரிடம், மேலே படுப்பதால் இன்னொன்று வாச்சரிடம்; மற்றவர்களுக்குக் காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும். அடுத்ததாக மண் மூட்டைகளும் பசளையும் நனையாமல் வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. வாச்சர் கீழே, கார் நிறுத்துமிடத்தில், படிக்குக் கீழே படுக்கலாம் என்று கூட்டத்தில் முடிவானது. நானும் தலையாட்டினேன்.

கடிதத்தை நானே அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீங்களா அடிச்சீங்க?"

"ஓம்."

"எழுத்து நல்லாருக்குங்க," என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்று பின்னேரமே தன் திறப்பைத் தலைவரிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலை இறக்கினார்.

அடுத்த சில கிழமைகளில் பாவல் பிஞ்செல்லாம் விரல் நீளத்திலேயே பழுத்து விழுந்தது. உப்புக் காற்று என்றார் தலைவர். கண்ணூறு என்று ரீச்சர் கறுப்புத் துணி கட்டினார். ஒருநாள் காலை, ஸ்கூல் வேனுக்குக் கேட் திறந்துகொண்டிருந்த வாச்சரிடம் நான் கேட்டேன்.

"நீங்கள் மேல இருக்கேக்க ஒண்டும் விழேல்லையே, என்னெண்டு?"

அவர் சிரித்தார். "அவ்வளவு ஒசரத்துக்குத் தேனீ லிஃப்ட்லயா வரும்? கல்யாணம் பண்ணி வைக்க ஆள் வேணும்ல."

விடியற்காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுவிடுவாராம். யாரும் எழும்ப முதல் பன்னிரண்டு பங்கிலும் செய்து முடித்துவிடுவாராம்.

"எல்லாற்ற பங்குக்குமோ?"

"அந்த இருட்டுல எது யாரு பூன்னு பாத்துக்கிட்டா நிப்பேன்? வெயில் ஏறுனா பூ சோர்ந்துரும். எட்டு மணிக்குக் கதவத் தொறந்து என்னா செய்ய?"

தலைவருக்குச் சொன்னேன். அவர் உடனே இறங்கி வந்தார்.

"திறப்பைத் தாறன். காலமையில போய்ச் செய்துவிடும்."

"அந்த நேரம் கேட்ல வேன் நிக்குங்கய்யா. மேல படுத்தாத்தான் எந்திரிச்ச கையோட முடிச்சிட்டு எறங்கலாம்."

"அப்ப மண் மூட்டைய எங்க வைக்கிறது?"

"படிக்குக் கீழ வைங்க. மண்ணைக் கொசு கடிக்காது."

பக்கத்தில் நின்ற ரீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் லிஃப்ட்டுக்குள் போனார். தலைவரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "சரி, உமக்கும் ஒரு பங்கு போடுவம்."

"பங்கு வேணாங்கய்யா. நான் வேல செய்யிற வரைக்கும் அந்த ரூம் எனக்குன்னு எழுதிக் குடுங்க. இங்க எல்லாம் எழுத்துலதான நடக்குது."

தலைவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். வாச்சர் என்னை மெதுவாக வாசிக்கச் சொன்னார். "தற்போதைக்கு" என்ற இடத்தில் நிறுத்தி, அதை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். தலைவர் கையொப்பம் வைத்தார். லமினேற் பண்ணிக் கொடுத்தேன். வாச்சர் அதைத் தன் அறைக் கதவின் உள்பக்கத்தில் ஆணியடித்து வைத்தார்.

பாவல் மறுபடி காய்த்தது. உரமும் திரும்பி வந்தது. காய் மலிந்ததும் ஒவ்வொரு பங்காகக் காய்ந்தது. வலைகளைக் கடற்காற்று கிழித்தது. உடுப்புக் காயப்போடும் கயிறுகள் பழைய இடத்துக்கு வந்தன. இப்போது பச்சையாக நிற்பது தாங்கிக்குப் பின்னால் இருக்கும் வாளிகள் மட்டும்தான்.

போன மாதம் சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். மாடியில் சோலார் பூட்டினால் பற்றரி வைக்க அந்த அறைதான் வசதி என்றார். வாச்சர் கதவைத் திறந்து உள்பக்கத்தில் இருந்த கடிதத்தைக் காட்டிவிட்டு, என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போய் அதை முழுவதும், பழைய தலைவரின் கையொப்பம் வரைக்கும், மெதுவாக வாசித்தேன்.

பற்றரி படிக்குக் கீழே வரப்போகிறது.