சுமதி சிரித்த ஒன்பது விநாடி

மைக் முன்னால் உட்காருவதற்கு முன் புஷ்பா வளையல்களைக் கழற்றுவாள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, ஒவ்வொன்றாக உருவி, சத்தம் வராமல் வெந்நீர் பாட்டிலின் கழுத்தில் மாட்டுவாள். எட்டும் ஏறியதும் ஒரு வாய் வெந்நீர். பிறகு மூக்கை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பிப்பாள்.

நாச்சாரத்து டப்பிங் ஸ்டூடியோ ஒன்றில் நாலு வருஷமாக இதே அழுகை. தெலுங்கு சீரியல் ஒன்றில் இட்லிக் கடை நடத்தும் சுமதிக்குத் தமிழில் குரல் கொடுப்பவள் அவள்தான். சுமதியின் கணவன் படகோடு கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. அதன் பிறகு மாவு புளிப்பதும், சிலிண்டர் தீர்வதும், மாமியாருக்கு முட்டி வலிப்பதும்தான் கதை. ஜோடனை கிடையாது. குஷாய்குடாவில் புஷ்பா தன் வீட்டில் நிஜமாகவே அழுதால்கூட, அவள் கணவர் ஜெயச்சந்திரன் பேப்பரை இறக்காமல், "எத்தனாவது எபிசோட்?" என்பார்.

வசனத்தைத் தமிழில் எழுதும் சுதர்சன் ராமச்சந்திராபுரம் குவார்ட்டர்ஸில் தெலுங்குப் பிள்ளைகளோடு வளர்ந்தவன். தெலுங்கு அவனிடம் முந்திக்கொண்டு வரும். தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. அதைத் தமிழிலும் அப்படியே விட்டுவிடுவது அவனது பழைய வியாதி. "குழம்புக்கு உப்பு அவசரம்" என்று எழுதி ஒருமுறை மானம் போயிருக்கிறது.

கடைசி எபிசோடின் படம் வந்தது. பத்து வருஷம் கழித்துக் கணவன், போன அன்றைக்குப் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டையில், கடை வாசலில் நிற்கிறான். சுமதி அவனைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள்.

"இஸ்திரிகூடக் கலையலையேக்கா," என்றான் சுதர்சன். "கடலுக்கு அடியில லாண்டரி இருக்கு போல."

"இருந்துட்டுப் போகட்டும்."

"இவ்வளவு நாள் நிஜமா இருந்த கதை அக்கா. முடிவுல இப்படிப் பொய் சொல்லணுமா?"

"நிஜமா இருந்து அவ என்னத்தக் கண்டா? நாலு வருஷமா நான்தானே தம்பி அவளுக்காக அழறேன். ஒரு தடவை சிரிச்சுட்டு வீட்டுக்குப் போறேனே. உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

சுதர்சன் வசனத் தாளை நீட்டினான். ஆனால் புஷ்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் டேக்கில் வந்தது விம்மல். மூன்றாவதில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் தேவராஜ் ஸ்பீக்கரில் கேட்டார்: "அக்கா, இது சிரிப்பா, விக்கலா?"

"இரு தேவராஜ், வரும்."

ஏழாவது டேக்கும் போனது. "நக்கோ அக்கா, வேண்டாம், விட்டுடுங்க. அஞ்சு மணிக்கு அனுப்பணும். என்கிட்ட ரெக்கார்ட் பண்ண சிரிப்பு நிறைய இருக்கு, ஒண்ணை ஒட்டிடறேன்," என்றார் தேவராஜ்.

"எவளோ சிரிச்சதையா?" புஷ்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஒரே ஒரு டேக். சிரிப்புக்கு முன்னாடி இருக்கற வசனத்துலேருந்து போடு."

வெந்நீர் குடித்தாள். தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டாள். திரையில் சுமதி கணவனின் தோளைப் பிடித்தாள். புஷ்பா உருகிப்போய்ச் சொன்னாள்:

"எனக்கு... ரொம்ப அவசரம்ங்க!"

உடனே ஸ்பீக்கரில் தேவராஜ்: "வெளிய போய் வலது பக்கம்க்கா, ரெண்டாவது கதவு."

புஷ்பா வெடித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி கிரீச்சிட, மூச்சு முட்டச் சிரித்தாள். தேவராஜ் பதிவை நிறுத்தவில்லை. அதிலிருந்து ஒன்பது விநாடியை வெட்டிச் சுமதியின் வாயில் பொருத்தினார். அளவெடுத்துத் தைத்தது போல் உட்கார்ந்தது. வசனத்தை மட்டும் புஷ்பா திருத்தி மறுபடி பேசிக் கொடுத்தாள்.

"சாரிக்கா, மறுபடியும் எழுதித் தொலைச்சுட்டேன்," என்றான் சுதர்சன், காதெல்லாம் சிவந்து.

"போனாப் போகுது விடு," என்று வளையல்களை மாட்டிக்கொண்டாள்.

எபிசோட் ஒளிபரப்பான அன்று சுதர்சன் குறை சொல்லத் தயாராகத்தான் டிவி முன் உட்கார்ந்தான். சட்டை இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. சுமதி சிரித்தபோது அவனும் சிரித்துவிட்டான்.

இரண்டு மாதம் கழித்து, பழைய தாள்களைக் கட்டிவைக்கும்போது, சிரிப்புக்கு முந்தைய வசனம் இருந்த அந்தப் பக்கம் அவன் கையில் கிடைத்தது. அவன் எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது: "எனக்கு நீங்க வேணும்."