மாமாவின் பெட்டியில் போன என் பின்னல்

பதினொரு வயதுவரை என் தலையில் கத்தரிக்கோல் பட்டதில்லை. பிறந்த முடி அப்படியே வளர்ந்து முழங்காலுக்குப் பின்னால் வந்து இடிக்கும். கோயிலில் பார்க்கிற மாமிமார் ஆசையாகத் தொட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அதில் ஒரு ஆசையும் இருக்கவில்லை. ஒக்லண்டின் ஓரத்தில், பாபகூராவில் என் பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு உண்டு. தொப்பிக்குள் என் முடி அடங்காது. அடங்காவிட்டால் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். மற்றப் பிள்ளைகள் குதித்துக் கும்மாளமிட, நான் துவாயை மடியில் வைத்துக்கொண்டு கரையோர வாங்கில் உட்கார்ந்திருப்பேன். வகுப்பில் பேன் வந்திருக்கிறது என்று பள்ளிக்கூடம் கடிதம் அனுப்பினால் எல்லோரும் முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

எல்லாம் ஒரு நேர்த்திக்கடனால் வந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கண் செருகிவிட்டதாம். இடம்பெயர்ந்து இருந்த கொட்டிலுக்குள் என்னை மடியில் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் அம்மனுக்கு அம்மா நேர்ந்திருக்கிறாள். "அம்மாளாச்சி, இவளை எனக்குத் தா. உன்ர வாசலிலை கொண்டுவந்துதான் முடி இறக்குவன்." அம்மாளாச்சி என்னைத் தந்துவிட்டாள். வாசலைத்தான் ஆமிக்காரர் தரவில்லை. ஊரும் கோயிலும் முள்கம்பிக்குள் போய்விட்டன. நாங்கள் நியூசிலாந்துக்கு வந்துவிட்டோம். முடி மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

அந்தக் கம்பியை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லித்தான் பெரியமாமா அரசியலுக்கு வந்தார். அம்மாவின் மூத்த அண்ணன். வடக்கில், பஸ்கூட எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுகிற ஒரு கடற்கரை மூலை எங்கள் ஊர். அங்கிருந்து அதுவரை ஒருவரும் எந்தச் சபைக்கும் போனதில்லை. மாமா கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்தவர். முதலில் பிரதேச சபைத் தேர்தலில் கேட்டு வென்றார். பிறகு மாகாண சபை. ஒவ்வொரு தேர்தலுக்கும் அம்மா பாபகூராவுக்குப் பக்கத்துத் தகனினியில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் நின்றபடி ஊர்ச் சனத்துக்கு வரிசையாகப் போன் எடுப்பாள். "கோயில் கதவு திறக்க வேணுமெண்டால் அண்ணைக்குப் போடுங்கோ. என்ர பிள்ளையின்ர தலையைப் பாருங்கோ, அதுக்காகவாவது போடுங்கோ."

மாகாண சபையில் அவர் வென்ற செய்தி வந்த அன்று அம்மா பொங்கிப் படைத்தாள். நானும் துள்ளினேன். அடுத்த கோடைக்கு நான் நீந்தலாம் என்பதுதான் என் கணக்கு.

இரண்டு கோடைகள் போயின.

அதன் பிறகு மாமா ஒக்லண்டுக்கு வந்தார். போட்டோவில் சாரமும் வெள்ளைச் சட்டையுமாகப் பார்த்த மனிதர், கோட்டுப் போட்டு, தலைக்கு மை பூசி வந்து இறங்கினார். என் அறையை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். வந்தவுடனே பெட்டியைத் திறந்து சிறிய பொட்டலம் ஒன்றை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். உள்ளே திருநீறு.

"தங்கச்சி, போன கிழமை விசேஷ அனுமதி எடுத்து உள்ளுக்கை போய்க் கும்பிட்டனான். இது எங்கட அம்மாளாச்சியின்ர பிரசாதம்."

அம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். பிரித்துப் பார்த்தாள்.

"அண்ணை, நீங்களே போனனீங்களோ?"

"பின்னை? நான் போகாமல் வேற ஆர் போறது?"

அம்மா அதைத் திரும்ப மடித்துச் சாமித்தட்டில் வைத்தாள். திருநீறு பூசாமல் கடைக்குக்கூடப் போகாத அம்மா, அன்றைக்கு அதைத் தொட்டு நெற்றியில் வைக்கவில்லை. நல்ல நாளுக்கென்று பத்திரப்படுத்துகிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் ஒக்லண்டுக் கோயில் மண்டபத்தில் கூட்டம். வடையும் பிளேன்ரீயும் முடிந்த பிறகு மாமா மைக்கைப் பிடித்தார். எல்லாம் படிப்படியாக நடக்கிறது என்றார். படிப்படியாகக் காணி விடுவார்கள், படிப்படியாகச் சனத்தைக் குடியேற்றுவார்கள், படிப்படியாகக் கோயில் திறப்பார்கள். பின்வரிசையில் எங்கள் ஊர் அண்ணை ஒருவர் இருந்தார். விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்கிறவர். அவர் எழும்பினார்.

"ஐயா, மொத்தம் எத்தினை படியெண்டு சொல்லுங்கோ. ஏறி முடிக்கிறதுக்கிடையிலை எங்கட முழங்கால் போயிடும் போல கிடக்கு."

மண்டபமே சிரித்தது. மாமாவும் சிரித்தார், பல்லால் மட்டும். பிறகு அவருடைய கண் முன்வரிசையில் இருந்த என்மேல் விழுந்தது.

"பிள்ளை, இஞ்சை வாங்கோ."

போனேன். தோளைப் பிடித்து, சனத்துக்கு என் முதுகு தெரியத் திருப்பி நிறுத்தினார். பின்னலை எடுத்து உயர்த்திப் பிடித்தார். தலை இழுபட்டு எனக்கு வலித்தது.

"பாருங்கோ! இந்தக் குழந்தை பிறந்த நாள் துவங்கி எங்கட மண்ணுக்காகக் காத்திருக்கு. இதை மறந்திட்டு எனக்கு நித்திரை வருமோ?"

கைதட்டல். எல்லாருடைய போனும் மேலே எழும்பியது. ஊர் அண்ணைகூடத் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டார். நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். சுவரில் செருப்பை வெளியே விடவும் என்று எழுதி ஒட்டியிருந்தது. அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் மண்ணுக்காகக் காத்திருக்கவில்லை. நீச்சலுக்காகக் காத்திருந்தேன். என்னிடம் ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. கடவுளுக்கென்று விட்ட முடியை, சந்தையில் மீனைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி ஒரு மனிதன் தூக்கிக் காட்டினான்.

மறுநாள் காலை, மாமா குளிக்கப் போன நேரம், குசினிக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு என் அறைக்குள் போனேன். ஒரே வெட்டில் விழும் என்று நினைத்தேன். விழவில்லை. கயிறு அறுப்பதுபோல அறுக்க வேண்டியிருந்தது. அறுந்த பின்னலை என் நீச்சல் துவாயில் சுற்றினேன். கோயில் வகுப்பில் படித்த தமிழில் ஒரு காகிதத் துண்டில் 'அம்மனுக்கு' என்று எழுதி உள்ளே வைத்தேன். அவருடைய பெட்டியின் அடியில், கோட்டுக்குக் கீழே திணித்தேன். உள்ளே போய்க் கும்பிட்டவர்தானே, இதையும் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். விமானத்துக்கு அவர் வெளிக்கிடும்வரை கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அவரை அனுப்பிவிட்டு வந்த பிறகு அம்மா தொப்பியைக் கழற்றினாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாதான் பதறினார். "ஐயோ, நேர்த்தி என்னப்பா ஆகிறது?"

"அம்மாளாச்சியோடை நான் கதைக்கிறன். நீங்கள் விடுங்கோ," என்றாள் அம்மா.

பின்வளவில் கதிரை போட்டு என்னை இருத்தி, கோணல்மாணலாக நின்ற முடியை ஒழுங்காக வெட்டிவிட்டாள். "ஆடாமல் இரு," என்றாள். கத்தரிக்கோல் பிடித்த கைதான் ஆடியது.

அடுத்து மாமா பாராளுமன்றத்துக்குக் கேட்டார். ஒரு மச்சாள் அவருடைய துண்டுப்பிரசுரத்தைப் போனில் அனுப்பினாள். அதில் என் முதுகு, என் பின்னல், கீழே 'இந்தப் பிஞ்சின் காத்திருப்புக்கு உங்கள் வாக்கு.' அது வந்தபோது என் முடி காதோடு நின்றது. மாமா வென்றார். அந்தத் தேர்தலுக்கு அம்மா ஒருவருக்கும் போன் எடுக்கவில்லை. பின்னலைப் பற்றி மாமா இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. எந்தக் குப்பைத் தொட்டியில் போட்டாரோ, அம்மாளாச்சிக்குத்தான் தெரியும். கோயில் இன்னும் கம்பிக்குள்தான் இருக்கிறது.

போன வருடம் என் மகளுக்கு இங்கே உள்ள கோயிலிலேயே முடி இறக்கினேன். இன்னொரு வாசலுக்கென்று அவளைக் காத்திருக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று காலை சாமித்தட்டைத் துடைக்கும்போது அந்தப் பழைய பொட்டலம் கையில் பட்டது. ஊர் அம்மனுடைய திருநீறு ஆயிற்றே, பிள்ளைக்குப் பூசலாம் என்று பிரிக்கப் போனேன்.

"அதை வை," என்றாள் அம்மா. "எங்கட அம்மன் கோயிலிலை திருநீறு குடுக்கிறேல்லை. அங்கை எப்பவும் புற்று மண்தான்."

சொல்லிவிட்டுப் பூக் கட்டப் போய்விட்டாள்.

புற்று மண்ணை இந்த நாட்டு விமான நிலையத்தில் விடமாட்டார்கள். உண்மையில் போயிருந்தால் அதைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கலாம்; அவரோ வழியில் ஏதோ ஒரு கடையில் திருநீறு வாங்கியிருக்கிறார். தன் கூடப்பிறந்தவளுக்கு அது தெரியாமல் போகும் என்று எப்படி நினைத்தாரோ. பொட்டலத்தைப் பிரித்த அந்த நிமிடமே அவர் வாசலை மிதிக்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அடுத்த நாள் மண்டபத்தில், என் பின்னல் உயர்ந்தபோது, வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். அதற்காக அவள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் பின்வளவில் அந்தக் கை ஆடியதை நினைத்தால் கோபம் பாதியில் நின்றுவிடுகிறது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் கழுத்தில் முதல் தடவையாகக் காற்றுப் பட்டது மட்டும்தான். கதிரையில் ஆடாமல் இருந்தபடி, நேர்த்தியை உடைத்தவள் நான்தான் என்று அம்மாளாச்சியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.